கையெழுத்து போட்டுவிட்டால் வழக்கு போட முடியாதா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் என் கணவருக்கு சைனஸ் ஆபரேஷன் நடந்து ஆறு மாதம் ஆகிறது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது, ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கேட்டால், "சம்மதப் படிவத்தில் கையெழுத்து போட்டீர்களே" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, வழக்கு அப்புறம். ஒழுகுவது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம், விட்டால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும், அதனால் இன்றே வேறொரு இஎன்டி மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். அவர்கள் எழுதித் தருவதுதான் நாளைக்கு உங்கள் சாட்சியமும்கூட.

சைனஸுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான், கவனமாகச் செய்தாலும் சில சமயம் சேதமாகும். ஆகவே காயம் பட்டது மட்டும் போதாது. முன்கூட்டியே சிடி ஸ்கேன் பார்த்தார்களா, பார்வை மங்குகிறது என்று சொன்னதும் என்ன செய்தார்கள் என்பதில்தான் வழக்கே நிற்கும். கையெழுத்து என்பது அலட்சியத்துக்கான அனுமதி அல்ல.

சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இந்த மாதிரி வழக்குக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.