த்ராட்டில் சென்சார்: மாற்றுவதற்கு முன் மீட்டரை எடுங்கள்

கே: ஸ்கேனரில் பி0122 என்ற ஃபால்ட் கோடு (பிழைக் குறியீடு) வந்தது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரைப் புதிதாகப் போட்டும் மூன்றே நாளில் அதே கோடு. வாங்கியது டூப்ளிகேட்டா?

ப: சென்சாரின் சப்ளை, சிக்னல், எர்த் என்ற மூன்று வயரில் ஒன்றையாவது அளந்தீர்களா? கடிதத்தில் ஒரு வோல்ட் கணக்குகூட இல்லை. பி0122 என்றால் சிக்னல் வோல்டேஜ் குறைவு, அவ்வளவுதான். சென்சார் போய்விட்டது என்று ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எங்கே சொன்னது? 5 வோல்ட் சப்ளை வராவிட்டாலும், சிக்னல் வயர் அறுந்தாலும், உரசி எர்த் ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் இதே கோடுதான். சென்சாரின் எர்த் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி பி0123 வரும். கோடு வந்ததும் பாகத்தை மாற்றும் இந்தப் பழக்கத்தால் நல்ல சென்சார்கள் எத்தனையோ குப்பைக்குப் போகின்றன.

செய்ய வேண்டியது இது. இக்னிஷனை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு ப்ரோபை பேட்டரி நெகட்டிவில் வைத்து, ஹார்னஸ் (வயர்க் கட்டு) பக்கத்தின் சப்ளை பின்னை அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். கறுப்பு ப்ரோபை சென்சார் எர்த் பின்னுக்கு மாற்றினாலும் அதே 5 வந்தால் எர்த்தும் சரி. அடுத்து சப்ளை பின்னையும் சிக்னல் பின்னையும் ஜம்பர் வயரால் இணைத்து ஸ்கேனரைப் பாருங்கள். 0 பக்கம் இருந்த வோல்டேஜ் 5 பக்கம் தாவினால் வயரும் ஈசியூவும் நல்லவை. சென்சாரைச் சந்தேகப்பட வேண்டியது அப்போதுதான். எந்தப் பின் எது என்று வயரிங் வரைபடத்தில் பார்க்காமல் ஜம்பரைத் தொடாதீர்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சப்ளையே இல்லையென்றால், பல வண்டிகளில் அதே 5 வோல்ட்தான் மேப் சென்சாருக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) ஏசி பிரஷர் சென்சாருக்கும் போகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்புகிறதோ, ஷார்ட் அங்கே.

சப்ளை இருந்தும் ஜம்பருக்கு அசையவில்லையா? ஹார்னஸ் வளையும் இடத்தைப் பிடித்துப் பாருங்கள். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும். எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

கே: ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, சிக்னல் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும்?

ப: 0.5 பக்கம். முழு த்ராட்டிலில் 4.5 பக்கம். துல்லியமான எண் உங்கள் வண்டியின் மேனுவலில்.

கே: 40 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஜெர்க். கோடு எதுவும் இல்லை. கேபிள் த்ராட்டில் வண்டி.

ப: சென்சாருக்குள் முனை உரசி ஓடும் ட்ராக் தேய்ந்திருக்கலாம். டவுன் ஓட்டத்தில் பட்டர்ஃப்ளை (த்ராட்டிலின் காற்றுத் தகடு) ஐடிலுக்குச் சற்று மேலேயே கிடப்பதால் அந்த இடம்தான் முதலில் தேயும். இன்ஜினை ஆஃபில் வைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பத்து விநாடி எடுத்து த்ராட்டிலை மெதுவாகத் திறவுங்கள். இடையில் சிக்னல் வோல்டேஜ் ஒரு நொடி விழுந்தாலும் சென்சாரை மாற்றலாம். டிஜிட்டல் மீட்டர் இந்தச் சறுக்கலைத் தவறவிடும். முள் மீட்டரோ, வோல்டேஜை அலையாகக் காட்டும் ஸ்கோப்போ வேண்டும். ப்ரோபை கனெக்டரின் பின்பக்கமாக, ரப்பர் சீல் ஓரமாக நுழையுங்கள். வயரைக் குண்டூசியால் குத்தாதீர்கள். குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கி அடுத்த மழைக்குள் செம்பு பச்சை பூத்துவிடும்.

கே: மீட்டரை ஓம்ஸில் வைத்தால் எதுவும் காட்டவில்லை. சென்சார் போச்சா?

ப: ஹால் வகையாக (உரசும் ட்ராக் இல்லாமல் காந்தத்தால் இயங்குவது) இருந்தால் ஓம்ஸில் தெரியாது. வோல்ட்டில் பாருங்கள்.

கே: எலக்ட்ரானிக் த்ராட்டில், பி2135, பிக்கப் சுத்தமாக இல்லை.

ப: உள்ளே இரண்டு சென்சார், அவை சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று ஈசியூ லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து ஓட்டும் பாதுகாப்பு நிலை) போய்விட்டது. பல வண்டிகளில் ஒன்று ஏற மற்றது இறங்கும், கூட்டினால் 5 பக்கம் வரும். முதலில் கனெக்டர் பின்கள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டர்ஃப்ளைக்குள் விரலை விடாதீர்கள், மோட்டார் நசுக்கிவிடும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் பல வண்டிகளில் ஐடில் ரீலேர்ன் (ஈசியூவுக்கு ஐடில் நிலையை மறுபடி கற்றுக்கொடுப்பது) தேவைப்படும்.

கே: வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்?

ப: எந்த வண்டி, எந்த வருஷம், என்ன கோடு? அதை எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கே: டபிள்யூடி-40 அடித்தால் கனெக்டர் சரியாகுமா?

ப: பச்சை பூத்த பின்னுக்கு அது போதாது. கான்டாக்ட் க்ளீனர் அடித்துப் பாருங்கள். அரித்திருந்தால் பின்னை மாற்றுங்கள். இக்னிஷன் ஆஃபில், மறுபடியும் சொல்கிறேன்.