காலி உறைக்கும் உரிமையாளர் உண்டு: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டருக்குப் புதிய பேட்டரி வாங்கினேன். பழையதைக் கடை ஊழியர், "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று சொல்லித் தூக்கிச் சென்றார். அதே கடையில் வாங்கிய என் மைத்துனருக்குப் பழைய பேட்டரிக்காக விலையைக் குறைத்திருக்கிறார்கள்; எனக்குக் குறைக்கவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஈய-அமில பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். உருக்கினால் மீண்டும் பேட்டரியாகும் அந்த ஈயத்துக்குச் சந்தையில் எப்போதும் விலை உண்டு என்பதால், எவரும் உங்கள் மீது இரக்கப்பட்டு அதைச் சுமந்து செல்வதில்லை. திருப்பித் தரப்படும் ஒவ்வொரு பேட்டரிக்கும் விற்பனையாளர் உரிய தள்ளுபடி தர வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு பேட்டரி விதிகளே கூறின. அவற்றின் இடத்தில் வந்த 2022 விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்துள்ளன. ஆகவே கடைக்காரரோடு நிறுத்தாமல், தயாரித்த நிறுவனத்துக்கும் பில்லின் நகலோடு எழுதுங்கள்; மைத்துனரின் பில் உங்களுக்கு நல்ல சான்று. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். உங்கள் பேட்டரி போன்ற சிறு தொகைக்கான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: டப்பாவின் அடியில் முக்கோண அம்புக்குறியும் 5 என்ற எண்ணும் உள்ளன. நிறுவனம் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று பொருளா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது.

கேள்வி: சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கிழித்துப் போடும் ஷாம்பூ, ஊறுகாய், பாக்கு உறைகளுக்காக நகராட்சி எனக்கு அபராதம் விதித்தது. தயாரித்தவர்களை ஏன் கேட்பதில்லை?
— வணிகர், பண்ருட்டி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மாதங்களாகக் காத்திருந்தேன். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன்: கடை வாசலில் தொட்டி வைத்துக் குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது உங்கள் கடமை, அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது.

ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்த முன்னோடிகளுள் ஒருவர், உங்கள் மாவட்டத் தலைநகரான கடலூரின் சின்னி கிருஷ்ணன். முழுப் புட்டிக்குப் பணம் இல்லாதவருக்கு அது பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய உறைகள் பலவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க முடியாததால் பழைய பேப்பர்க்காரர் காசு கொடுத்து எடுப்பதில்லை, காசு கிடைக்காததால் எவரும் பொறுக்குவதில்லை, ஆகவே அவை உங்கள் வாசலிலும் சாக்கடையிலும் தங்கிவிடுகின்றன.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனம் அந்த உறைக்குப் பொறுப்பேற்று, ஆண்டுதோறும் உயரும் இலக்கின்படி மறுசுழற்சி செய்யவேண்டும். பல அடுக்கு உறைகளுக்கு 2024-25-இல் 30 விழுக்காடாகத் தொடங்கிய இலக்கு, 2027-28-இல் 60 விழுக்காடாகிறது. ஆனால் நிறுவனம் தன் உறையையே தேடி எடுக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு மறுசுழற்சி ஆலை அதே வகைப் பிளாஸ்டிக்கைக் கையாண்டதற்கான சான்றிதழை வாங்கினால் கணக்கு நேராகிவிடும். மறுசுழற்சி செய்ய இயலாதவற்றைச் சிமென்ட் சூளையில் எரிக்கவும் இடமுண்டு. சான்றிதழ்களிலும் போலிகள் இருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தணிக்கையில் கண்டறிந்தது.

குப்பைக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற கருத்தை 1990-இல் ஸ்வீடன் அரசுக்கு முன்வைத்த ஆய்வாளர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் நினைத்தது வேறு: குப்பையின் செலவு தன் கணக்கில் விழுந்தால், உற்பத்தியாளர் குப்பையாகாத பொருளை வடிவமைப்பார் என்பதே அது. நம்மிடம் கணக்கெழுத்து வந்துவிட்டது, வடிவமைப்பு மாறவில்லை. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று நம்பி நான் மாதாமாதம் வாங்கும் சலவைத்தூளின் மறுநிரப்புப் பொட்டலமும் அதே பல அடுக்கு உறைதான். பழைய டப்பாவையாவது பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். உறைகளை ஒரு வாரம் சேர்த்து, எந்த நிறுவனத்தினுடையவை எத்தனை என்று எழுதி, மொத்த விற்பனையாளரிடமும் நகராட்சியிலும் கொடுங்கள். அபராத ரசீதின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 299 ரூபாய்க்கு வாங்கிய பவர்பேங்க் உப்பிவிட்டது. நிறுவனத்தின் பெயர் இல்லை, பில்லும் இல்லை. யாரிடம் திருப்பித் தருவது?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பேட்டரி விதிகளில் இறக்குமதியாளரும் உற்பத்தியாளரே; ஆனால் பெயரே இல்லாதவரைப் பிடிக்க எந்த விதியாலும் முடியாது. பவர்பேங்கில் இந்தியத் தர அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதுகூடவா தெரியாது? ஆர்டர் விவரம் உங்கள் கணக்கில் இருக்கும், அதைக் கொண்டு விற்ற தளத்திடம் கேளுங்கள். அதுவரை சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் துப்புரவுத் தொழிலாளியின் கைதான் வேகும். மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது கொள்ளையல்லவா?
— வாசகர், குன்னூர்

பதில்: காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் உங்களுக்கே வரும். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022-இல் முதலில் உங்கள் மாவட்டத்தில்தான் இது தொடங்கியது. உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறும் காட்டில் அதை எறிந்துவிட்டு வருபவர் பணத்தைக் கேட்கக் கூடாது.

கேள்வி: சானிட்டரி நாப்கின் பாக்கெட்டில் அப்புறப்படுத்தும் உறை இல்லை. தனியாக வாங்க வேண்டுமா?
— வாசகி, தேனி

பதில்: வேண்டாம். ஒவ்வொரு நாப்கினுக்கும் உறையைப் பாக்கெட்டுடனேயே தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே உற்பத்தியாளரிடம் சொல்லிவிட்டன. பாக்கெட்டின் புகைப்படத்துடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதுங்கள். அவர்கள் தரும் பதிலை எனக்கும் அனுப்பிவையுங்கள்.