இத்தாலியில, பலெர்மோ நகரில வெளி மேசையில சாப்பிடப் போற தம்பிக்கு

தம்பி, உங்கட கேள்வி வாசிச்சன். மனிசி ஊரிலயிருந்து வந்து சேர்ந்திட்டா, பின்னேரம் வியா மக்கேதாவால நடக்கேக்க றோட்டு முழுக்க மேசை கதிரை போட்டுச் சனம் சாப்பிடுது, "எங்களைப் போல ஆக்கள் அங்க போய் இருக்கலாமோ, எவ்வளவு முடியும், எந்த இடம் திறம், காரை எங்க விடுறது, உறைப்பா ஏதும் கிடைக்குமோ" எண்டு கேட்டிருக்கிறீங்கள். கார் கதையை விடுங்கோ. பழைய நகருக்குள்ள அனுமதி இல்லாத நேரம் ஓடினா கமரா படம் எடுத்துத் தண்டம் வீட்டுக்கு வரும். பஸ்ஸில போங்கோ.

"எங்களைப் போல ஆக்கள்" எண்டு எழுதினதுதான் எனக்கு நெஞ்சில குத்தினது. நான் இஞ்ச வந்த புதுசில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில கோப்பை கழுவினனான். ஜூலை மாசம், ஜன்னல் இல்லாத அறை, மெஷினைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் முகத்தில ஆவி அடிக்கும். வெளியில மெழுகுதிரியும் சிரிப்புச் சத்தமும். ஒருநாள் வேலை தொடங்க முதல் சப்பாத்து நூல் கட்ட வெளிக் கதிரை ஒண்டில இருந்ததுக்கு, "எழும்பு, அது வாடிக்கையாளருக்கு" எண்டார் முதலாளி. எங்கட ஆக்கள் கனபேருக்கு உள்ளுக்க இப்பிடி ஏதோ ஒரு சொல்லுக் கிடக்குது எண்டு நினைக்கிறன். இல்லாட்டி வருசக்கணக்கா இஞ்ச இருந்து, பிள்ளையளைப் படிப்பிச்சு, வீடும் வாங்கிப்போட்டு, ஒருநாளும் வெளி மேசையில இருந்து சாப்பிடாமல் இருப்பினமோ? கேட்டா, "அந்தக் காசுக்கு ஒரு கிழமை சமைக்கலாம்" எண்டுவினம். சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு எண்ணாமல் குடுக்கிறது அதே கைதான். நீங்கள் போங்கோ. மனிசியையும் கூட்டிக்கொண்டு போய் வடிவா இருங்கோ. போக முதல் சில விசயங்களை விளங்கிக்கொண்டு போங்கோ.

முக்கியமா மீன். மெனுவில ஓராத்தா எண்ட மீனுக்குப் பக்கத்தில 6 யூரோ எண்டிருக்கும், அடியில சின்ன எழுத்தில 'எத்தோ' எண்டு போட்டிருக்கும். அது 100 கிராமுக்கு உள்ள விலை. மீன் 700 கிராம் வந்தா 42 யூரோ. சமைக்க முதல் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ, நிறுத்து விலையைச் சொல்லச் சொல்லுங்கோ. வெக்கப்பட ஒண்டும் இல்லை, இந்த ஊர்க் கிழவியள் மீனின்ர செவுளையே திறந்து பார்ப்பினம். சாப்பாட்டுப் பேரோட நட்சத்திரக் குறி இருந்தா அது ஐஸில கிடந்த சாமான். கடற்கரை ஊரில இருந்துகொண்டு அதுக்கு ஏன் காசு? "இண்டைக்கு நல்ல இறால் வந்திருக்கு" எண்டு வெயிட்டர் வாயால சொன்னா, விலையைக் கேட்டுப்போட்டு ஓமெண்டுங்கோ.

பில்லில ஆளுக்கு 2 யூரோ, 3 யூரோ 'கொப்பேர்த்தோ' எண்டு வரும், அது மேசையில இருக்கிறதுக்கு எடுக்கிற காசு. பாணைத் தொட்டாலும் வரும், தொடாட்டிலும் வரும். மெனுவில எழுதியிருந்தா குடுக்கத்தான் வேணும், அதுக்குச் சண்டை பிடிக்காதேங்கோ. இந்த விசயத்தில லண்டன், கனடாவிலயிருந்து விடுமுறைக்கு வாற எங்கட சொந்தங்கள்தான் மோசம். பாணுக்கும் தண்ணிப் போத்திலுக்கும் காசோ எண்டு மேசையில நிண்டு கத்துவினம், பிறகு ஆரும் கேக்காமலே டிப்ஸுக்கு வீதக்கணக்குப் பார்ப்பினம். இஞ்ச டிப்ஸ் கட்டாயம் இல்லை, மனம் வந்தா சில்லறை வையுங்கோ. கோப்பிக்கும் நிண்டு குடிக்கிற விலை வேற, மேசையில இருந்து குடிக்கிற விலை வேற.

ஏழு மணிக்குப் போய் நிக்காதேங்கோ. குசினி ஏழரை, எட்டுக்குத்தான் திறக்கும், ஊர்ச்சனம் ஒன்பது ஒன்பதரைக்குத்தான் வரும். பகல் குடிச்ச வெயிலைக் கல்லுத்தரை அதுவரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்காவிலயிருந்து சிரோக்கோ காத்து அடிக்கிற நாளில வெளியில இருக்கவே வேண்டாம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிக் கனகடை பூட்டு.

சாப்பிடேக்க றோசாப்பூ விக்க ஒரு வங்காளதேசப் பெடியன் வருவான். வேண்டாமெண்டா முகத்தைப் பார்த்து "நோ, கிராத்சியே" எண்டு சொல்லுங்கோ. தங்களையும் அவையோட சேர்த்துப் பார்த்திடுவினமோ எண்ட பயத்தில, எங்கட ஆக்கள் சிலர் ஈ கலைக்கிறமாதிரிக் கையை ஆட்டிக் கலைக்கிறதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவன் வந்த வழியாலதானே நாங்களும் வந்தனாங்கள்.

எந்த இடம் எண்டா, கடைப் பேர் சொல்லமாட்டன், ஆக்கள் மாற ருசியும் மாறுது. வாசலில நிண்டு கூப்பிடுற கடையும் படம் போட்ட மெனுவும் வேண்டாம். பியாத்சா மரீனா எண்ட சதுக்கத்துப் பக்கம் நடந்து பாருங்கோ, எங்கட ஆலமரத்தின்ர இனத்தில ஒரு பெரிய மரம் விழுதோட நிக்குது. பாலாறோச் சந்தையில எண்டா செலவே இல்லை. கடலைமாவைக் காய்ச்சி, ஆறவிட்டு வெட்டிப் பொரிச்சு, எள்ளுப் பாணுக்குள்ள வைச்சுத் தேசிக்காய் பிழிஞ்சு தருவினம், அதுதான் பனெல்லே. பக்கத்தில ஆட்டுக்குடலை வெங்காயத்தாளுக்கு மேல சுத்தித் தணலில சுடுவான், பேர் ஸ்திகியோலா. இடைக்கிடை கொழுப்பைத் தணலில போட்டுப் புகை எழுப்புவான், அந்தப் புகைதான் அவன்ர விளம்பரம். குடல் கறி சாப்பிட்டு வளந்த எங்களுக்கு அது புதுசில்லை.

ஜூலை 14 இரவு மட்டும் மேசை தேடாதேங்கோ. அது இந்த ஊரின்ர காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின்ர திருவிழா, பேர் பெஸ்தீனோ, 1624இல கொள்ளைநோயிலயிருந்து ஊரைக் காப்பாத்தினவ எண்டு கொண்டாடுற நாள். மொந்தே பெல்லெக்ரினோ மலையில இருக்கிற அவவின்ர குகைக்கோயிலுக்கு எங்கட வேதக்காரரும் சைவக்காரரும் சேர்ந்து போறதை ஆராவது சொல்லியிருப்பினம். அண்டைக்குத் தேர் கடற்கரைக்கு இறங்கும், சனம் வீட்டிலயிருந்தே மடிப்பு மேசை, வத்தகப்பழம், அவிச்ச சோளம் எல்லாம் கொண்டு வரும். நான் பார்த்த முதல் பெஸ்தீனோவில ஒரு குடும்பம் தங்கட மேசையில எனக்கும் இடம் விட்டது. உள்ளி போட்ட பப்பலூச்சி, சின்ன நத்தை. எனக்கு உறிஞ்ச வரேல்லை. அந்த வீட்டுக் கிழவி ஒண்டை வாங்கி, வேட்டைப்பல்லால ஓட்டின்ர பின்பக்கத்தில ஓட்டை போட்டு, "இப்ப இழு" எண்டு தந்தா. ஒரே இழுவையில வந்திட்டுது. இப்ப என்ர பிள்ளையள் அப்பிடித்தான் சாப்பிடுகினம், இந்த ஊர்ப் பெடியளுக்கே பழக்கிவிடுகினம்.

உறைப்பு கேட்டிருந்தீங்கள். பலெர்மோச் சாப்பாட்டில உறைப்புக் குறைவு. "பெப்பெரொன்சீனோ" கேளுங்கோ, எண்ணெயில ஊறப்போட்ட மிளகாய் அனேகமா எந்தக் குசினியிலயும் இருக்கும்.