வீட்டுக்கு ஸ்டேக் கத்தி வாங்க வேண்டும். நல்ல தரமாகவும் பராமரிப்பு குறைவாகவும் இருக்க எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: மயிலாடுதுறையில் வீடு, வெளிநாட்டில் இருந்த மகன் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டிலேயே ஸ்டேக், சாப்ஸ் என்று ஏதாவது நடக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு ஆறு கத்தி வேண்டும். அடிக்கடி சாணை பிடிக்கவோ எண்ணெய் தடவி வைக்கவோ வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை. குடம், அண்டா, குத்துவிளக்குதான் முக்கிய வியாபாரம் என்றாலும் கத்தி, ஸ்பூன் வகைக்கும் ஓர் அலமாரி உண்டு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: பல் வைத்த அலகு, வார்த்த பிளாஸ்டிக் பிடி, சுமார் 11 செ.மீ. நீளம். விக்டோரினாக்ஸில் இந்த ரகம் இருக்கிறது, அதே அமைப்பில் வேறு கம்பெனிகளும் போடுகின்றன. மரப்பிடி போட்டு, உள்ளே வெல்வெட் வைத்த பெட்டியில் அடுக்கித் தரும் செட்டுகள் பார்க்க லட்சணமாக இருக்கும். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அது வேண்டாம்.

முதலில் எஃகு. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டோடு வருவார்கள். டம்ளரில் வைத்துப் பார்த்து, ஒட்டினால் "இது மட்டம்" என்று கீழே வைத்துவிடுவார்கள். டம்ளருக்கு அந்தச் சோதனை ஓரளவுக்குச் சரி (மலிவான 202 ரக எவர்சில்வரும் ஒட்டாது, அதை யாரும் கவனிப்பதில்லை). கத்திக்கு அதே சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தட்டு, டம்ளர் செய்யும் 304 எவர்சில்வரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் வாக்கில் இருக்கும். துரு அண்டாது. ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது, அதனால் கூர் நிற்காது. கத்திக்குக் கார்பன் கூடுதலாக உள்ள எஃகு வேண்டும், அது காந்தத்தில் ஒட்டும். ஸ்பூன், முள்கரண்டியோடு சேர்த்து ஒரே பெட்டியில் வரும் 'ஸ்டேக் கத்தி'யில் காந்தம் ஒட்டவில்லை என்றால், அது ரொட்டிக்கு வெண்ணெய் தடவத்தான் ஆகும். ஒட்டிவிட்டது என்பதற்காக உடனே பணத்தை எடுத்து நீட்டவும் வேண்டாம். 430 ரகமும் ஒட்டும், அதையும் கடினமாக்க முடியாது. பெட்டியில் 1.4116 என்ற கத்தி எஃகின் எண்ணோ, ராக்வெல் கடினம் (எஃகின் கடினத்தை அளக்கும் அளவு, HRC என்றும் போடுவார்கள்) 54 முதல் 57 வரை என்றோ போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். அறுபதைத் தாண்டிய ஜப்பான் ரகக் கத்திகள் வேறு வேலைக்கு. சாப்ஸ் எலும்பில் பட்டால் வெட்டுகிற வாய் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும்.

'ஜெர்மன் ஸ்டீல்' என்று அலகில் அச்சடித்திருந்தால் கத்தி ஜெர்மனியில் செய்தது என்று அர்த்தமில்லை. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர் 'ஜோலிங்கன்', அந்தப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, அது இருந்தால் விஷயமே வேறு. பிடியில் தேனீ பதித்த 'லாயோல்' கத்திகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர், கத்தியின் ஒரு பாணி. பல நாட்டுக்காரர்களும் அந்தப் பெயரில் செய்கிறார்கள், தேனீயை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

அடுத்து தண்ணீர். டெல்டாவில் கத்திக்கு முதல் எதிரி இதுதான். கடினமாக்கிய எஃகில் குரோமியத்தின் ஒரு பங்கைக் கார்பன் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் டம்ளர் தாங்குகிற உப்பைக் கத்தி தாங்காது. இது பழைய இழுபறி. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோக நிபுணர் துருப்பிடிக்காத எஃகைக் கொண்டுவந்தபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று உள்ளூர்க் கத்திக்காரர்களே கிண்டல் செய்தார்களாம். துருவும் பிடிக்கக் கூடாது, கூரும் நிற்க வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று கடலோரம் போகப் போக போர் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கழுவிய கத்தியைக் கூடையில் ராத்திரி முழுக்க ஈரத்தோடு கிடக்கவிட்டால், காலையில் ஊசி முனையளவு பழுப்புப் புள்ளி தெரியும். தேய்த்தால் நிறம் போய்விடும். நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும். அது போகாது. புதுக் கத்தி துருப்பிடித்தது, போலி மாட்டிவிட்டீர்கள் என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தப் புள்ளிதான். உங்கள் வீட்டுக் குழாயில் கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிறது என்றால் கடைசி அலசலை அதில் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, கழுவிய கையோடு பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டால் போதும். பராமரிப்பு என்று உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். கம்பி நார் மட்டும் போடாதீர்கள்.

மரப்பிடி ஏன் வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். ரிவிட்டைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி விழும், அதில் கறிக் கொழுப்பு போய் உட்காரும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை போகாது. அலகைச் சுற்றி வார்த்த பிளாஸ்டிக் பிடியில் அந்த இடைவெளியே கிடையாது. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

பல் வைத்ததா, நேர் வாயா என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நேர் வாய்க் கத்தி கறியை வழவழப்பாக அறுக்கும், பல் கத்தி கொஞ்சம் பிய்க்கும். ருசிபார்த்துச் சாப்பிடுகிறவர்கள் நேர் வாயைத்தான் கேட்பார்கள். ஆனால் மேசைக் கத்தி வெட்டி முடிப்பது தட்டின் மேல். பீங்கான் தட்டின் மெருகு எஃகைவிடக் கடினம், எவர்சில்வர் தட்டும் கூரை மடக்கிவிடும், கூடவே அந்தக் கிரீச் சத்தம் வேறு. நேர் வாய் என்றால் சில மாதத்தில் மழுங்கும். பல் வைத்ததில் பல்லின் நுனி மட்டும் தட்டில் படும், நடுவில் இருக்கிற வளைவுகள் கூரோடு அப்படியே இருக்கும். பல வருஷம் ஓடும். மழுங்கியபின் வீட்டில் தீட்டுவது சிரமம் என்பது உண்மை, அதற்கென்று கூம்பு வடிவக் கோல் வேண்டும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் பல் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கு அவர்தான் ராஜா, ஆனால் அந்தச் சக்கரத்தில் வைத்தால் பல் எல்லாம் மொட்டையாகிவிடும். மெல்லிய அலகு சூட்டில் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் கடினமும் போச்சு.

மகன் நேர் வாய்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஆளுக்கொரு சின்ன மரப்பலகையில் கறியை வைத்துப் பரிமாறுங்கள். கறிக்கடையில் புளியங்கட்டை மேல்தானே வெட்டுகிறார்கள், மரத்தில் வெட்டினால் கூர் சீக்கிரம் போகாது. இடையில் மழுங்கினால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, மெருகு இல்லாத அடிவட்டத்தில் அலகைச் சாய்த்துப் பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தால் தேறிவிடும்.

வாங்கும்போது முதலில் இரண்டு மட்டும் வாங்கி ஒரு ஞாயிறு ஓட்டிப் பாருங்கள், செட்டாக எடுத்தால்தான் லாபம் என்று கடைக்காரர் சொன்னாலும் (நாங்களும் அப்படித்தான் சொல்வோம்). இந்த ரகம் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் முனை வட்டமான மாதிரியைக் கேளுங்கள், அதுவும் 11 செ.மீ.தான், பல்லும் உண்டு. ஒரு விஷயம், அது தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் அவ்வளவு வாகாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு எப்படியும் சமையலறைக்குப் போய்விடும், மேசைக்குத் திரும்பாது. அதனால் ஆறுக்குப் பதில் எட்டாகவே எடுத்துவிடுங்கள்.