வாசகர் கேள்வி பதில்: காட்டில் ஒளிந்திருக்கும் பெட்டி

கேள்வி: அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். பேரப்பிள்ளைகளோடு மாநிலக் காட்டில் ‘லெட்டர்பாக்ஸ்’ தேடிப் போனோம். துப்பை வைத்து ஒளித்திருக்கும் பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள ரப்பர் ஸ்டாம்பை நம் நோட்டிலும், நம் ஸ்டாம்பை அதிலுள்ள நோட்டிலும் பதிக்கும் விளையாட்டு இது. ‘பெரிய பாறையிலிருந்து 240 டிகிரி, 30 பேஸ்’ என்று துப்பு. இரண்டு முறை போயும் பெட்டி கிடைக்கவில்லையே, ஏன்?
– கோவை வாசகர்

பதில்: முதலில் பாறையைச் சந்தேகப்படுங்கள். பனியுகம் விட்டுப்போன பெரும்பாறைகள் அந்தக் காடு முழுக்கக் கிடக்கின்றன. கடைசியாக உறுதியாகத் தெரிந்த அடையாளத்துக்குத் திரும்பி, துப்பை அங்கிருந்து மறுபடி வாசியுங்கள். பாதையைக் காட்ட மரங்களில் பூசியிருக்கும் நீலப் பெயின்ட் பட்டைகளையும் கவனியுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் பாதை திரும்புகிறது. மேல் பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம்.

அடுத்தது பேஸ், அதாவது நடையளவு. சிலர் ஒவ்வொரு காலடியையும் ஒரு பேஸ் என்று எண்ணுவார்கள். சிலர் வலது கால் விழும்போது மட்டும் எண்ணுவார்கள். காலடிக்கு 75 சென்டிமீட்டர் என்றால் 30 பேஸ் என்பது 22.5 மீட்டராகவும் இருக்கலாம், 45 மீட்டராகவும் இருக்கலாம். துப்பில் விளக்கம் இல்லையென்றால் இரண்டு இடத்திலும் தேடுங்கள். மேட்டில் ஏறும்போது காலடி சுருங்கும். எண்ணுவது பெரியவராக இருக்கட்டும், குழந்தைகள் தேடட்டும்.

திசைகாட்டியின் எண் வளையத்தைச் சுழற்றி 240ஐக் குறிக்கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, நெஞ்சுக்கு முன்னால் மட்டமாகப் பிடித்து, சிவப்பு முள் உள்ளே வரைந்த அம்புக்குள் வந்து அமரும்வரை நீங்கள் திரும்ப வேண்டும். முள்ளின் மறுமுனை அமர்ந்தால் நேர் எதிர்த்திசையில் போய்விடுவீர்கள். அடிக்கடி நடக்கிற பிழை இது. செல்போனையும் சாவிக்கொத்தையும் தள்ளி வையுங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே நடக்காமல், அந்தக் கோட்டில் ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை போங்கள். கனெக்டிகட்டில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி மேற்கே விலகியிருக்கிறது. பெரும்பாலான துப்புகள் திசைகாட்டியில் நேரடியாக எடுத்தவை, திருத்தம் வேண்டாம். வரைபடத்தில் அளந்த கோணம் என்றால் 13 கூட்டி 253இல் நடக்க வேண்டும். கூட்டாமல் விட்டால் 30 மீட்டரிலேயே 7 மீட்டர் தள்ளிப்போவீர்கள்.

இடம் வந்ததும் மண்ணைத் தோண்டாதீர்கள், பெட்டியைப் புதைப்பது வழக்கமில்லை. பழைய கல்சுவர் இடுக்கு, விழுந்த மரத்தின் அடிப்புறம், வேர்ப்பொந்து ஆகியவற்றில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாகப் பாருங்கள். இயற்கையாக விழுந்திருக்க முடியாதபடி வரிசையாகச் சாய்ந்த குச்சிகளோ, ஒரே இடத்தில் குவிந்த சருகோ நல்ல அறிகுறி. கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள். விரியன் இனப் பாம்புகள் அங்கே உண்டு.

கேள்வி: பெட்டியில் உள்ள ரப்பர் ஸ்டாம்பை என் நோட்டில் பதித்தால் ஈஷிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– நியூஜெர்சி வாசகி

பதில்: கோடில்லாத, தடித்த தாளில் பதியுங்கள். ஸ்டாம்பை மை அட்டையில் அழுத்தாமல், அட்டையை ஸ்டாம்பின் மேல் மெல்ல ஒற்றுங்கள். பிறகு நேராக வைத்து அழுத்தி, ஆட்டாமல் எடுங்கள். பெட்டியிலுள்ள நோட்டில் உங்கள் ஸ்டாம்பைப் பதித்துத் தேதி போட மறக்காதீர்கள். மையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். ஈரத்தோடு மூடினால் நோட்டு பூசணம் பிடித்து, அதுவரை வந்தவர்களின் பதிவெல்லாம் பாழாகும்.

கேள்வி: இந்த வழக்கத்தின் ஊர் எது?
– மதுரை வாசகர்

பதில்: இங்கிலாந்தின் டார்ட்மூர். ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் கிரான்மியர் பூல் என்னும் ஒதுக்குப்புறமான சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். 1998இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குப் பிறகுதான் அமெரிக்காவில் பரவலாயிற்று.

கேள்வி: குழந்தைகளுக்கு உண்ணி கடிக்கும் என்று பயமாக இருக்கிறது.
– ஹார்ட்ஃபோர்ட் வாசகி

பதில்: பயம் நியாயமானதே. உண்ணி பரப்பும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊரே கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் உடைகளை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சொறியோ காய்ச்சலோ வந்தால், கடித்த தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.