பரேஹாவின் முகம்

அன்புள்ள ஐயா,
ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஹுவான் தெ பரேஹாவின் படத்தை இணையத்தில் பார்த்தேன். அடிமையாக இருந்தவரின் கண்களில் அடக்கிவைத்த கோபம் எனக்குத் தெரிகிறது. நண்பர் அதைப் பெருமிதம் என்கிறார். எது சரி? ஓவிய நுட்பம் தெரியாமல் முகபாவத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். தாராளமாகப் பாருங்கள். ஆனால் கோபமா பெருமிதமா என்ற பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். ஒரு முகத்தைக் கண்டதும் அதற்கு உணர்ச்சிப் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடும் நம் அவசரத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக மாட்டினீர்கள்.

ஓவியருக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்காரும் யாராலும் கோபத்தை முகத்திலேயே வைத்திருக்க முடியாது. சற்று நேரத்தில் தசை தளரும், அப்புறம் அலுப்புதான் மிஞ்சும். ஆகவே நீங்கள் பார்ப்பது, பார்த்துப் பார்த்து எடுத்ததும் விட்டதுமாக ஓவியர் கட்டிய முகம். நாம் ஒருவரின் முகத்தைப் படிப்பது பெரும்பாலும் கண்ணோரத்தையும் வாயோரத்தையும் வைத்துத்தான். மோனா லிசாவில் லியனார்டோ அந்த இடங்களைப் புகைபோலக் கலைத்துவிட்டார். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். பரேஹாவுக்கோ மீசையும் தாடியும் வாயைச் சுற்றிப் பாதியை மறைக்கின்றன. அங்கே கோபத்தை வைத்தது நீங்கள்தான்.

ஒன்று செய்யுங்கள். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பிய உடல், மார்புக்குக் குறுக்கே வந்து மேலாடையைப் பற்றியிருக்கும் கை. கனவான்களை நிறுத்தி வரையும் தோரணை அது. நண்பர் சொல்லும் பெருமிதம் இந்தக் கையில்தான் இருக்கிறது. இப்போது அந்த வெள்ளை லேஸ் கழுத்துப்பட்டையைப் பெரிதாக்குங்கள். பின்னல் எங்கே? தூரிகை அவசரமாகத் தொட்டுப்போன வெள்ளைதான் இருக்கும். தள்ளி நின்றால் லேஸ். கண்ணும் அப்படித்தான் செய்யப்பட்டது. கண்ணை மட்டும் ஏன் மனசாட்சியின் ஜன்னலாக்குகிறீர்கள்?

கோபத்தைப் பார்த்தபோது உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அது நல்ல மனசு, குறை சொல்லவில்லை. ஆனால் வரைந்தவர் அவரது எஜமானர். 1650இல் ரோமில் வரைந்தார். அதே ஆண்டு நவம்பரில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார், இன்னும் நான்கு ஆண்டு ஊழியம் என்ற நிபந்தனையோடு. எஜமானரின் தூரிகையிடம் போய் அடிமையின் மனதைக் கேட்கிறீர்கள்!

பரேஹாவும் ஓவியர் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1661இல் அவர் வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில், தன் கையொப்பம் உள்ள தாளோடு தன்னையே நிற்கவைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோபம், பெருமிதம் இரண்டு சொல்லும் கடிதத்தில் வரக் கூடாது.