கிட்டாக (தனித்தனிப் பாகங்களாக) வாங்கிக் கட்டும் மாதிரி ரயில் எஞ்சினில் அச்சு பேரிங்குகளை எப்படிப் பொருத்துவது?

முதல் எஞ்சினில் இதை நன்றாகச் சொதப்பியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அது மூன்று அச்சு எஞ்சின். தகட்டு ஃப்ரேமில், பேரிங் எனப்படும் அச்சைத் தாங்கும் சின்ன உலோகக் குழல்களுக்கான துளைகள் கொஞ்சம் சிறியதாகவே இருந்தன. நாமே பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று பெரும்பாலும் அப்படித்தான் விடுவார்கள். நான் டிரில் பிட்டைப் போட்டேன். அரை மில்லிமீட்டர் தகட்டில் பிட் கவ்விப் பிடித்து இழுத்தது. துளை வட்டமாக வராமல் முக்கோணச் சாயலில் வந்தது, நடுப்புள்ளியும் நகர்ந்துவிட்டது. எல்லாம் பூட்டி உருட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் மக்கர்.

டிரில் வேண்டாம். துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கூம்பு ரீமரைக் கையால் திருப்பி, தகட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். நாலு திருப்பு, ஒரு தடவை பேரிங்கை வைத்துப் பார்ப்பது. விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், லொடலொடக்கக் கூடாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலோ ஸ்கேலாலோ முடிவு செய்யாதீர்கள். சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடுதான் அளவுகோல். அதன் துளைகளுக்கு இடையே என்ன தூரமோ, அச்சுகளுக்கு இடையேயும் அதே தூரம் இருக்க வேண்டும். பல்சக்கரம் ஏறும் அச்சின் இரண்டு பேரிங்குகளை மட்டும் முதலில் சால்டர் செய்யுங்கள். முனை மெலிந்த ஜிக் அச்சுகளை (இடம் பிடிக்க மட்டும் தற்காலிகமாகப் போடுபவை) எல்லாத் துளைகளிலும் நுழைத்து, அந்த முனைகளில் ராடுகளை மாட்டினால் மற்ற பேரிங்குகள் தாமாகவே இடத்துக்கு வரும். அங்கேயே பற்றவையுங்கள். பேரிங் சரியான இடத்துக்கு நகர முடியாதபடி ஃப்ரேமின் துளை இறுக்கமாக இருந்தால், எந்தப் பக்கம் தடுக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் லேசாக அராவலாம். ராடின் துளையைப் பெரிதாக்கிச் சமாளிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்; நான் அடக்கவில்லை, அந்த எஞ்சின் இன்றும் நொண்டுகிறது.

சால்டர் பேரிங்குக்குள் இறங்கி அச்சையே பிடித்துக்கொள்வதும் உண்டு. ஜிக் அச்சில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஒட்டாது. ஆனால் அந்த எண்ணெய் இணைப்பில் பட்டால் சால்டரே பிடிக்காது, ஜாக்கிரதை. முடிந்ததும், சால்டர் பிடிப்பதற்காகப் பூசிய ஃப்ளக்ஸைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சில் துரு ஏறும்.

பேரிங்கின் விளிம்பு பெரும்பாலும் சக்கரத்தைப் பார்த்தபடி வெளிப்பக்கம் இருக்கும். அதன் தடிமன்தான் அச்சின் பக்கவாட்டு ஆட்டத்தை முடிவு செய்கிறது. வளைவில் மூன்று அச்சு எஞ்சின் திரும்ப நடு அச்சுக்குக் கூடுதல் ஆட்டம் தேவை, அதனால் அங்கே மட்டும் விளிம்பை அராவி மெலிதாக்கலாம். உள்ளே நீளும் பகுதி பல்சக்கரத்தில் இடித்தால் வெட்டிவிடுங்கள்.

பெயின்டுக்கு முன் சக்கரங்களை மாட்டி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஆறு சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் அந்த பேரிங்கை மட்டும் சூடாக்கி இறக்குவது இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிட வேலை.